காட்சியும் குறியும்: மலேசியத் தமிழ் மின்னூலாக்கத்தில் எழுத்தாளர் தேர்வு

முன்னுரை

மின்னூலை உருவாக்க இன்று இரு வழிகள் உள்ளன. பக்கம் திரையில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே பார்த்துக்கொண்டு எழுதுவதும் திருத்துவதும் ஒரு வழி. இதனைக் காட்சிவழித் தொகுப்பு எனலாம். தலைப்பு, பத்தி, செய்யுளடி, அடிக்குறிப்பு ஆகியவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் எச்.டி.எம்.எல். போன்ற குறிமொழியால் அடையாளமிட்டு எழுதுவது மற்றொரு வழி. இதனைக் குறிவழித் தொகுப்பு எனலாம். கணினித் துறையினர் பின்னதன் நன்மைகளை எடுத்துரைத்து வருகின்றனர். எழுத்தாளர்களோ முன்னதையே நாடுகின்றனர்.

இந்நாட்டம் கணினி அறிவின் குறைவால் விளைந்தது என்று சொல்லப்படுவதுண்டு. அக்கருத்து மேலோட்டமானது என்பதே நம் நிலைப்பாடு. கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்ட மலேசியத் தமிழ் நூலாக்கச் சூழலில் இந்நாட்டத்திற்கு வரலாற்றுக் காரணமும், எழுத்தியல் காரணமும், பொருளியல் காரணமும் உள்ளன. அவற்றை முதலில் ஆராய்வோம். அதன்பின், கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் பக்கம் நூலுக்கு எவ்விடங்களில் ஊறு செய்கிறது என்பதையும், அதனைக் களைய வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதையும் காண்போம்.

1. மெய்ப்புத்தாள் தந்த பழக்கம்

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் எழுத்தாளர் கையெழுத்துப் படியை அச்சகத்தில் ஒப்படைப்பார். அச்சுக்கோப்பாளர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, இடவலம் மாறிய வடிவில் அடுக்குவார். அந்த அடுக்கை எழுத்தாளர் படிப்பதில்லை. அவர் கைக்கு வந்தது மெய்ப்புத்தாள் மட்டுமே. தம் படைப்பை அவர் சரிபார்த்ததும், திருத்தியதும், இசைவளித்ததும் அதன் தோற்றத்தைக் கொண்டே ஆகும். தலைப்புக்கு எவ்வளவு பெரிய எழுத்து, செய்யுளுக்கு எவ்வளவு உள்தள்ளல் என்பவற்றை அச்சகத்தார் தீர்மானித்தனர்.

1985ஆம் ஆண்டில் முத்து நெடுமாறன் மலேசியாவில் தொடங்கிய முரசு மென்பொருள் முயற்சி இந்த ஏற்பாட்டை மாற்றியது. பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்த அம்மென்பொருள் தமிழை எழுத்தாளரின் மேசைக்கே கொண்டுவந்தது. தட்டச்சிட்டவுடன் எழுத்து திரையில் தோன்றியது. திரையில் தோன்றியதே தாளிலும் பதிந்தது. அச்சுக்கோப்பாளரின் வேலை எழுத்தாளரின் கைக்கு மாறியது. ஆயினும் எழுத்தாளர் பார்த்தது என்றும்போல் மெய்ப்புத்தாளையே. இப்போது அது திரைவடிவில் இருந்தது என்பதே வேறுபாடு.

உலக அளவிலும் காட்சிவழித் தொகுப்பு பிற்காலத்துச் சலுகையாகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் சிராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிராவோ என்னும் காட்சிவழித் தொகுப்பி 1974ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. டோனால்டு குனூத் குறிவழியில் இயங்கும் டெக் முறையை வெளியிட்டது 1978ஆம் ஆண்டில்தான். உலகளாவிய வலையை வகுத்த டிம் பெர்னர்சு-லீ 1990ஆம் ஆண்டில் ஆக்கிய முதல் உலாவி பக்கங்களைக் காட்டியதோடு, அவற்றைக் காட்சிவழியே தொகுக்கவும் இடந்தந்தது. குறிகளை மனிதர் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஆகவே, எழுத்தாளர் குறிமொழி கற்றே தீரவேண்டும் என்னும் வாதத்திற்கு அக்குறிமொழியின் தோற்ற வரலாறே துணைநிற்கவில்லை.

2. தமிழெழுத்தும் குறிப்பார்வையும்

எழுத்தாளரின் நாட்டத்திற்குரிய இரண்டாம் காரணம் தமிழெழுத்தின் இயல்பில் உள்ளது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் தொடக்கப்பள்ளி மாணவரும் மூன்று என்பார். யூனிகோட் முறையில் அச்சொல் ஐந்து குறியெண்களால் ஆனது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. நம் இலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கிறது என்கிறது. யூனிகோடோ அகரமேறிய ககரத்தை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புள்ளியைச் சேர்த்து மெய்யாக்குகிறது. எழுத்தாளர் உள்ளத்தில் உள்ள எழுத்தும் கணினி நினைவகத்தில் உள்ள எழுத்தும் ஒன்றல்ல.

வெறும் எழுத்தோட்டத்தை மட்டும் காணும்போது இவ்வேறுபாடு பெரிதாக வெளிப்படுவதில்லை. குறிப்பார்வையில் அது ஒவ்வொரு வரியிலும் இடறுகிறது. குறிமொழியின் சொற்களும் கோண அடைப்புகளும் உரோமன் எழுத்தில் அமைந்தவை. எனவே, ஒரு செய்யுளடியை அடையாளமிடுவதற்குள் விசைப்பலகையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் மீண்டும் தமிழுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்பார்வைக்குப் பயன்படும் எழுத்துருக்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருபவை. ரகரமும் ணௌகாரமும் ஒரே அகலத்தில் அடங்கா. பல மென்பொருள்களில் 'கொ' என்பதை அழிக்க விசையை ஒருமுறை அழுத்தினால் ஒகரக் குறி மட்டும் நீங்கி, ககரம் எஞ்சி நிற்கும். குறியை அடிப்படை எழுத்திலிருந்து பிரித்துவிட்டால் புள்ளிவட்டம் ஒன்று தோன்றித் தொல்லை தரும். ஆங்கில எழுத்தாளருக்குக் குறிவழித் தொகுப்பு ஒரு கூடுதல் மொழியைக் கற்பதாகும். தமிழ் எழுத்தாளருக்கோ அது தம் சொந்த எழுத்தையும் புதிதாகக் கற்பதாகிவிடுகிறது.

சிகில் என்னும் கட்டற்ற மென்பொருளின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருள் ஒரே நூலை நூற்பார்வை, குறிப்பார்வை என இருவகையாகக் காட்டிற்று. நூற்பார்வையில் செய்யும் சிறு திருத்தமும் அடியிலுள்ள குறிகளை எழுத்தாளர் அறியாமல் மாற்றிவிடும் இடர் இருந்தது. 2019ஆம் ஆண்டில் அதன் ஆக்குநர்கள் நூற்பார்வையைச் சிகிலிலிருந்து நீக்கினர். ஆயினும் காட்சிவழித் திருத்தத்திற்கெனப் பேஜ்எடிட் என்னும் தனி மென்பொருளை அவர்களே ஆக்கித் தர வேண்டியதாயிற்று. குறிவழியைப் போற்றுவோரும் காட்சியின் தேவையை ஒதுக்க இயலவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. எழுத்தாளரே பதிப்பாளர்

மூன்றாம் காரணம் மலேசியச் சூழலுக்கே சிறப்பாக உரியது. இந்நாட்டுத் தமிழ் நூல்களில் கணிசமானவை எழுத்தாளர் தம் சொந்தச் செலவில் வெளியிட்டவை. கோலாலம்பூர் டான் ஸ்ரீ சோமா அரங்கத்திலோ, கிள்ளானில் ஒரு மண்டபத்திலோ நூல் வெளியீடு நடைபெறும். முதற்படி பெறுவோரும் அன்பளிப்பு வழங்குவோரும் அச்சுச் செலவை ஈடுகட்டுவர். எஞ்சிய படிகள் பிரிக்பீல்ட்ஸ், தெங்கு கிளானா சாலைப் பகுதிக் கடைகளுக்குச் செல்லும். அல்லது எழுத்தாளர் வீட்டிலேயே தங்கும். எழுதுபவர், மெய்ப்புத் திருத்துபவர், பக்கம் அமைப்பவர், விற்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே. பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியரே பலவேளைகளில் அந்த ஒருவராக இருக்கக் காண்கிறோம்.

இத்தகையவர் மின்னூலாக்கத்தில் இறங்கும்போது கைவசமுள்ள சொற்செயலியையே நாடுகிறார். கருவிகளும் அவரை நோக்கி வந்துள்ளன. கிண்டில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் நூல்களை முறையாக ஏற்றபோது, சொற்செயலிக் கோப்பை அப்படியே அனுப்பும் வாய்ப்பு எழுத்தாளர்க்குக் கிடைத்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த லிப்ரே ஆபிஸ் ஆறாம் பதிப்பு, ஆவணத்தை ஈபப் வடிவில் நேரே சேமிக்க வகைசெய்தது. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய இலவசத் தமிழ் மின்னூல் திட்டத்தின் தன்னார்வலர்கள், பிரஸ்புக்ஸ் என்னும் காட்சிவழிக் கருவியைக் கொண்டு கணினி, கைப்பேசி, படிப்பான் ஆகியவற்றுக்கேற்ற பல வடிவங்களை ஒரே மூலத்திலிருந்து உருவாக்கினர். கையில் நேரமும் பொருளும் குறைந்த எழுத்தாளர் குறிமொழி கற்பதைவிட அடுத்த சிறுகதையை எழுதுவதையே மேலாகக் கருதுகிறார். அத்தேர்வைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

4. கண்ணுக்குத் தப்பும் பிழைகள்

எனினும், காரணம் நியாயமானது என்பதால் விளைவும் நல்லது என்று ஆகிவிடாது. 'மௌனம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மகரத்தின்மேல் ஔகாரக் குறியை இட்டு எழுதினால் அது மூன்றெழுத்துச் சொல். தட்டச்சு செய்பவர் பலர் எகரக் கொம்பை இட்டு, அடுத்து ளகரத்தைத் தட்டி, 'மெளனம்' என்று எழுதிவிடுகின்றனர். அது நான்கெழுத்துச் சொல். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். திரையைப் பார்த்துத் திருத்தும் எழுத்தாளர் இதனைக் காண வழியில்லை. 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' என்று எழுதுவதும், 'பௌர்ணமி'யைப் 'பெளர்ணமி' ஆக்குவதும் இவ்வகையே. எகரத்திற்குப் பதில் தமிழெண் ஏழும், ககரத்திற்குப் பதில் தமிழெண் ஒன்றும் புகுந்துவிடுவதுண்டு. துணைக்காலுக்குப் பதில் ரகரம் அமர்ந்துவிடுவதும் உண்டு.

இவை வெறும் தட்டச்சுப் பிழைகளா? யாப்பு நோக்கில் பார்ப்போம். 'மௌனம்' நேர் நேர் என அலகுபெற்றுத் தேமாவாகும். 'மெளனம்' நிரை நேர் என அலகுபெற்றுப் புளிமாவாகும். கவிஞர் எழுதிய சீர் ஒன்று; கோப்பில் உள்ள சீர் வேறொன்று. யாப்பை ஆராயும் மென்பொருள் தளைதட்டுவதாகக் காட்டும். பிழை கவிஞர்மேல் விழும். சொல்லடைவு தொகுக்கும் ஆய்வாளர் 'மௌனம்' என்று தேடினால் அந்த இடம் அகப்படாது. பார்வைக் குறையுடையோருக்காக நூலை வாசித்துக்காட்டும் மென்பொருள் அச்சொல்லை ளகரத்தோடு ஒலிக்கும். கண்ணால் படிப்பவருக்கு மட்டும் அது சரியான நூல். தேடுபவருக்கும் கேட்பவருக்கும் அது பிழைபட்ட நூல்.

இரண்டாவது கேடு அமைப்பைச் சார்ந்தது. அத்தியாயத் தலைப்பைப் பெரிதாகவும் தடிப்பாகவும் ஆக்கிவிட்டால், பார்ப்பவருக்கு அது தலைப்பு. கணினிக்கு அது தடித்த பத்தி. பொருளடக்கம் தானே உருவாகாது. ஓரியலிலிருந்து அடுத்த இயலுக்குத் தாவவும் இயலாது. நேரிசை வெண்பாவின் இரண்டாமடியில் தனிச்சொல்லை வலப்புறம் நிறுத்த இடைவெளி விசையைப் பலமுறை தட்டுவோர் உளர். அகன்ற திரையில் அழகாக நிற்கும் அத்தனிச்சொல், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கியவுடன் அடுத்த வரியின் நடுவே சென்று விழுகிறது. வெண்பாவின் வடிவமே கலைகிறது. கவிஞர் முரசு நெடுமாறன் தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் 1887 முதல் 1987 வரையிலான ஒரு நூற்றாண்டுக் கவிதைகளை உள்ளடக்கியது. அத்தகைய பெருந்தொகுப்பு ஒன்றை மின்னூலாக்கும்போது அடி, பா, கவிஞர் பெயர், ஆண்டு ஆகியவை இடைவெளிகளாலும் தடித்த எழுத்துகளாலும் மட்டுமே வேறுபடுத்தப்படுமாயின், அதில் ஆய்வாளர் எதையும் பிரித்தெடுக்க இயலாது.

மூன்றாவது கேடு காலத்தைச் சார்ந்தது. யூனிகோட் பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியாக்கம் கொண்டிருந்தது. அக்காலத்துக் கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரியும். அதையே பி.டி.எப். ஆக்கி வைத்திருந்தால் பக்கம் சரியாகத் தோன்றும். ஆனால் ஒரு சொல்லையும் அதில் தேடமுடியாது. இதற்கு மாறான சான்றாக மதுரைத் திட்டத்தைக் கூறலாம். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய அத்திட்டம் திஸ்கி என்னும் பொதுக் குறியாக்கத்தில் நூல்களைச் சேர்த்தது. பொதுவான தரம் ஒன்றைப் பின்பற்றியமையால் பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. தோற்றத்தை மட்டும் காத்த கோப்புகளுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1990களில் கணினியில் கோக்கப்பட்ட நூல்கள் பலவற்றின் மூலக்கோப்புகள் இன்று எவ்வாறுள்ளன என்று அவற்றின் ஆசிரியர்கள் தேடிப் பார்ப்பது நலம்.

5. ஒழிந்து கிடக்கும் இருக்கை

காட்சியும் குறியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைத் தமிழாசிரியர்கள் தம் பட்டறிவிலேயே உணர்ந்துள்ளனர். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஆணையிடப்பெற்ற எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் மலேசியப் பள்ளிகளிலும் வழக்கிற்கு வந்தது. துதிக்கையுடைய பழைய 'ணை'யும் இன்றைய 'ணை'யும் வடிவால் வேறு, எழுத்தால் ஒன்று. யூனிகோடிலும் அவற்றுக்கு ஒரே குறியெண்களே உள்ளன. எவ்வடிவில் தோன்றுவது என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு என்னும் இக்கருத்தே குறிமொழியின் அடிப்படையும் ஆகும். தலைப்பு என்பது ஒரு பொருள். அது பெரிதாகத் தோன்றுவது அதன் உடை.

இவ்வேறுபாட்டைப் பேணும் பணி தமிழ் மரபில் யாருடையது? ஓலைச்சுவடியில் மூலமும் உரையும் மேற்கோளும் இடையீடின்றித் தொடர்ந்து செல்லும். புள்ளியும் பெரும்பாலும் இடப்பெற்றிராது. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, மூலம் இது, உரை இது, மேற்கோள் இது எனப் பகுத்துக் காட்டும் கடமையை மேற்கொண்டார். நூலின் உறுப்புகளைப் பெயரிட்டுப் பகுத்த அப்பணிக்கும் இன்றைய குறிமொழி செய்யும் பணிக்கும் அடிப்படை ஒன்றே. அதனை நூலாசிரியர் செய்யவில்லை, பதிப்பாசிரியர் செய்தார். அச்சுக் காலத்தில் அப்பொறுப்பின் ஒரு கூற்றை அச்சுக்கோப்பாளர் ஏற்றிருந்தார். மின்னூற் காலத்தில் அச்சுக்கோப்பாளர் மறைந்தார்; சொந்த வெளியீட்டுச் சூழலில் பதிப்பாசிரியரும் இல்லை. அந்த இருக்கை ஒழிந்து கிடக்கிறது. எழுத்தாளர் குறிமொழி அறியாதது குறை எனப் பேசுவோர் இந்த வெற்றிடத்தைக் கருதுவதில்லை.

எழுத்தாளரிடம் நாம் வேண்டத்தக்கது மிகச் சிறிது. சொற்செயலியில் தலைப்பைத் தடிப்பாக்குவதற்குப் பதில், 'தலைப்பு' எனப் பெயரிட்ட பாணியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். செய்யுளுக்கும் மேற்கோளுக்கும் அவ்வாறே பெயருடைய பாணிகளை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இடைவெளி விசையால் பக்கத்தை அலங்கரித்தலைத் தவிர்த்தல் வேண்டும். இம்மூன்றும் காட்சிவழித் தொகுப்புக்குள்ளேயே செய்யக்கூடியவை. கண்முன் தோன்றும் பக்கம் மாறுவதில்லை. அதன் அடியில் கணினி தானே சரியான குறிகளை எழுதிக்கொள்கிறது.

எஞ்சிய பணி கல்வியாளருடையது. பல்கலைக்கழகத் தமிழ்ப் பிரிவுகளும் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் பதிப்பியல் பாடத்தில் சுவடியையும் அச்சுநூலையும் மட்டுமன்றி மின்கோப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஔகாரச் சொற்களைத் தேடிச் சரிபார்த்தல், மொழி தமிழ் என்னும் குறிப்பு கோப்பில் உள்ளதா என நோக்குதல், எழுத்தைப் பெரிதாக்கிக் கைப்பேசியில் படித்துப் பார்த்தல், குரல்வழி வாசிக்கச் செய்து கேட்டல் ஆகியவை ஒரு பருவத்திற்குள் மாணவர் கற்கக்கூடிய பயிற்சிகள். ஒவ்வொரு மாணவரும் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் ஒரு நூலை அவர் இசைவோடு இவ்வாறு செப்பம் செய்தால், பயிற்சியும் நிறைவேறும், நூலும் நிலைபெறும். 2001, 2013 ஆகிய ஆண்டுகளில் தமிழ் இணைய மாநாடுகளைக் கண்ட கோலாலம்பூருக்கு இது எட்டாத இலக்கு அன்று.

முடிவுரை

எழுத்தாளர் காட்சிவழித் தொகுப்பை விரும்புவதற்கு மெய்ப்புத்தாள் பழக்கமும், தமிழெழுத்து குறிப்பார்வையில் படும் இடர்ப்பாடும், சொந்த வெளியீட்டின் சுமையும் காரணங்களாக அமைந்துள்ளமையைக் கண்டோம். அவ்விருப்பத்தை மாற்ற முயல்வது வீண். ஆனால் காட்சியே நூல் என்று கருதி அமைந்துவிடின், தேடலுக்கும் செவிக்கும் வருங்காலத்திற்கும் எட்டாத நூல்களே மிகும். இந்நாட்டுத் தமிழ் நூல்கள் குறைந்த படிகளே அச்சாகின்றன. அப்படிகள் தீர்ந்தபின் எஞ்சுவது கோப்பு ஒன்றே. அக்கோப்பில் 'மௌனம்' மௌனமாகவே இருக்கிறதா என்று பார்க்கும் கண், எழுத்தாளரின் கண்ணாக இருக்க வேண்டியதில்லை; தமிழ் கற்பிக்கும் நம் கண்ணாக இருத்தல் வேண்டும்.